உட்கார்ந்தே பார்க்கிற வேலை

அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த முந்நூறு பேரில் ஒருத்தருக்காவது அவருடைய நிஜப் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பருந்து என்று கேட்டால் கை தானாக மேலே காட்டும். டவர் கிரேன் ஆபரேட்டர். எழுபத்திரண்டு மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற கண்ணாடிக் கூண்டு. காலையில் அதற்குள் போனால் சாயங்காலம்தான் தரையை மிதிப்பார். பலத்த காற்றில் கூண்டு அசையும்போது கீழே நின்று பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொள்வான். இவர் மேலே சாவகாசமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். இப்படிப் பதினெட்டு வருஷம், உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதர் எங்கிருந்து விழுந்தார் தெரியுமா? ஒன்றரை அடி ஸ்டூலிலிருந்து. சமையலறை பல்பை மாற்றப் போனார். "பிடிச்சுக்கட்டுமாங்க?" என்று கேட்ட மனைவியை, "யாரைப் பாத்துக் கேக்குற கேள்வி இது!" என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள் தரையில் கிடந்தார். வலது பாதத்தின் நடுவில் வளைவாக இருக்கிற இடத்தில் சின்னச் சின்ன எலும்புகள் இருக்கின்றன அல்லவா, அவை இடம் மாறிவிட்டன. ஆபரேஷன் செய்து இரண்டு ஸ்க்ரூ வைத்துக் கட்டுப் போட்டார்கள். செய்தி சைட்டுக்குப் போனபோது முதலில் ஒருத்தரும் நம்பவில்லை. நம்பிய பிறகு ஒருத்தரும் சிரிக்காமல் இல்லை.

காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று இரண்டரை மாசம். கட்டிலும் ஜன்னலும்தான் உலகம். பார்க்க வந்தவர்களெல்லாம் வெறுங்கையோடு வந்தால் மரியாதையாக இருக்காது என்று பிஸ்கட்டும் கேக்கும் வாங்கி வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல இவருக்கும் மனசு வரவில்லை. எழுபத்தெட்டு கிலோ மனிதர் தொண்ணூற்றேழு ஆனார். "பருந்து பிராய்லர் கோழி ஆயிடுச்சு" என்று எவனோ கிளப்பிவிட்டான். அது அவர் காதுக்கும் வந்தது. சிரித்துத்தான் வைத்தார், ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை.

கட்டுப் பிரித்ததும் கம்பெனியில் இரக்கப்பட்டு ஸ்டோரில் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். ஹெல்மெட், கையுறை, பெல்ட் எடுத்துக்கொடுக்கிற வேலை. தகரக் கூரை, தகரச் சுவர், ஒரு மேஜை. ஜன்னல் இல்லாததால் வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து வாசலுக்கு வர வேண்டும். மேஜை ஓரத்தில் சார்ஜ் போட்டு வைத்திருக்கும் வாக்கி டாக்கிதான் அவருக்கு எமனாக வந்து சேர்ந்தது. கிரேன் பேச்செல்லாம் அதில் கேட்கும். கீழே நின்று சரக்கைக் கொக்கியில் கட்டி, மேலே இருக்கிறவருக்கு வழி சொல்லுகிற ரிக்கர் ஒருவன் உண்டு. பதினோரு வருஷமாக அவன் குரல் இவர் காதுக்குள்ளேயேதான் இருந்தது. வீட்டில் மனைவி பேசியதைவிட அவன் பேசியதை அதிகம் கேட்டிருப்பார். இப்போது அதே குரல், "மெதுவா... இன்னும் ஒரு அடி... அரை அடி... விடு" என்று வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. மாற்று ஆபரேட்டர் ஒரு நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் இவருக்கு இன்னும் எரிச்சல். 'அரை அடி' என்று கேட்டதும் இவருடைய வலது கை மேஜைமேல் தானாக நகரும். கையுறை வாங்க வந்து நிற்கிறவன் பார்த்துவிட்டால், மேஜையைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்வார்.

ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம். மேலே போவதற்காக அவர் ஏங்கவில்லை. மேலே இருக்கும்போது தான் யாராக இருந்தாரோ, அந்த ஆளுக்காக ஏங்கினார். கீழே அவர் நொண்டி நடக்கிற ஒரு குண்டு மனிதர். மேலே இரண்டு டன் இரும்பைச் சிந்தாமல் சிதறாமல் இறக்கி வைக்கிற கை.

சேஃப்டி ஆபீசர் ஒரு நாள் ஸ்டோருக்கு வந்து விஷயத்தைப் பட்டென்று போட்டு உடைத்தார். "இந்தக் கட்டடம் முடியப்போகுது. அடுத்த சைட்டுக்குப் புது கிரேன் வருது. ஆபரேட்டர் யாருன்னு மூணு மாசத்துல முடிவு பண்ணணும். எடை தொண்ணூறுக்குள்ள வரணும். கிரேன் ஏணியில ஏறி இறங்கிக் காட்டணும். முடியலைன்னா சீட்டு அந்தப் பையனுக்கு, ஸ்டோர் உங்களுக்கு. நான் விதியை மீற முடியாது, தெரியும்ல?"

"மூணு மாசம் எதுக்கு சார், ரெண்டே போதும்" என்றார் பருந்து. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை.

மறுநாளே பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போய் நின்றார். சின்ன வயசு, கறாரான பெண். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபிறகு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"உக்காந்தே பாக்குற வேலைதாம்மா."

"ஆபீஸா?"

"ஆபீஸ் மாதிரிதான். சீட்டு இருக்கு, கண்ணாடி இருக்கு, ஏசிகூட இருக்கு."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அவர் பொய் சொல்லவில்லை. எந்த கிரேன் ஆபரேட்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஏணி ஏறுவதை எவனாவது வேலையில் சேர்ப்பானா? அது வேலைக்குப் போகிற வழி. மற்றவர்கள் பஸ்ஸில் போவதைப்போல இவர்கள் ஏணியில் போகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு பதிலில்தான் காரியம் கெட்டது. அது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

அவள் சொன்னதை அவர் ஒன்றுவிடாமல் செய்தார். காலுக்குப் பாரம் தராமல் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று நாற்காலியில் உட்காரவைத்தே வியர்க்க வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்க வேண்டும், கதவில் கட்டிய ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும். கீழே போட்ட துண்டை விரல்களால் சுருட்டி எடுக்க வேண்டும். அதைப் பார்த்து, "பதினெட்டு வருஷமா ஒரு துண்டை மடிச்சு வச்சதில்ல, இப்பக் காலாலயே மடிக்கிறாரே!" என்று மனைவி அதிசயப்பட்டாள். பிறகு நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள், பிறகு நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடை. குளத்தில் கூட நடந்தவர்களெல்லாம் எழுபது வயதுக்கு மேல். அவர்களே இவரை முந்திக்கொண்டு போனார்கள்.

வீட்டில் எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. தட்டில் பாதி காய்கறி. முதல் மாசம் பசி அவரைப் பிடுங்கித் தின்றது. "மேல இருக்கும்போது மட்டும் எப்படிங்க இவ்வளவு பசிக்காம இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"அங்க அந்த ஞாபகமே வராது."

"எனக்கு ஒரு சக்களத்தி இருந்திருந்தாக்கூடக் கீழதான் இருந்திருப்பா. நேர்ல போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவளை நான் எங்க ஏறிப் போய்க் கேக்குறது?" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சாயங்காலம் அவர் கைக்கம்போடு தெருவைச் சுற்றி நடக்கும்போது ஒரு நாள் தவறாமல் கூடவே நடந்தவளும் அவள்தான். அந்த நடையில் இரண்டு பேரும் பேசிய அளவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பேசியதில்லை. அவளுக்கு இந்தக் கால் அவசரப்பட்டுக் குணமாக வேண்டாம் என்றுகூட இருந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

மூன்றாவது மாசம் டாக்டரம்மா மாடிப்படி ஏறலாம் என்றாள். கட்டி முடித்த பத்தொன்பது மாடியும் கண்ணெதிரே இருக்கும்போது வேறென்ன வேண்டும்? முதல் நாள் நாலாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி வாரத்தில் பத்தொன்பதையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறினார். எடை எண்பத்தெட்டரை. ரிக்கர் கட்டிப்பிடித்து, "அண்ணே, வந்துட்டீங்கண்ணே!" என்று கத்தினான்.

பரீட்சை நாள் காலையில் காற்று இல்லை. எடை பார்த்தார்கள், பெல்ட்டை மாட்டினார்கள், சேஃப்டி ஆபீசர் கடிகாரத்தை அழுத்தினார். பருந்து இடது காலை ஏணியின் முதல் கம்பியில் வைத்தார். அடுத்து வலது காலை வைத்து உடம்பைத் தூக்கினார்.

வலியில் உயிரே போய்விட்டது.

மாடிப்படியில் பாதம் முழுக்கத் தட்டையாக உட்காரும். ஏணிக்கம்பி உருண்டை. உடம்பின் மொத்தப் பாரமும் பாதத்து நடு வளைவில், சரியாக ஸ்க்ரூ வைத்த இடத்தில், ஒரு விரல் அகலத்தில் வந்து இறங்கும். மூன்று மாசமாக எல்லாவற்றையும் பழக்கினார்கள், அந்த ஓர் இடத்தைப் பழக்கவில்லை. 'என்ன வேலை பாக்குறீங்க' என்று அந்தப் பெண் கேட்டது ஏணி நடுவில் இளைப்பாற வைத்த மேடைகளில் இரண்டாவதை எட்டும்போது ஞாபகம் வந்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

இறங்கிவிடவில்லை. ரப்பர் பட்டை இழுத்த கைகள் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே உடம்பை இழுத்து இழுத்து ஒன்பது மேடையும் ஏறினார். ஏழு நிமிஷத்தில் போகிறவருக்கு இருபத்தாறு நிமிஷம் ஆனது.

மாற்று ஆபரேட்டர் சீட்டிலிருந்து எழுந்து, வெளியே இருந்த நடைமேடைக்கு ஒதுங்கிக்கொண்டான். பருந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர் பூராவும் காலடியில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள், எறும்பாக ஊரும் பஸ்கள். அவர் அழுதார். பெரிய மனிதர், கன்னத்தைத் துடைக்கக்கூடச் செய்யாமல் அழுதார். அப்போது ரேடியோவில் குரல் வந்தது.

"அண்ணே?"

"சொல்லுடா."

"கம்பிக் கட்டு ஒண்ணு தயாரா இருக்கு. எடுக்குறீங்களா?"

ஓட்டுவதற்கு லைசன்ஸ் அவரிடம் இருந்தது, ஏறுவதற்குத்தான் பரீட்சை. எடுத்தார். இரண்டு டன் கம்பி தரையை விட்டு எழுந்து, பாதி வானத்தைச் சுற்றி வந்து, பத்தொன்பதாவது மாடியில் முட்டைத் தட்டை வைக்கிற மாதிரி உட்கார்ந்தது. 'அரை அடி' என்று ரிக்கர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்த நாலு நிமிஷம் அவருக்குக் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

இறங்குவதுதான் நரகம். ஏறும்போது கை இழுக்கும், இறங்கும்போது கால்தான் கம்பியைத் தேடித் தாங்க வேண்டும். ஐந்தாவது மேடையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. சட்டை நனைந்து பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. கம்பிகளுக்கு நடுவே கீழே பார்த்தார். ரிக்கர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு முதல் கம்பியில் கால் வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். சேஃப்டி ஆபீசர் அவன் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ஏறாதடா! நான் வர்றேன்!" என்று கத்தினார் பருந்து. நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். புயலோ தீயோ என்றால் ஆபரேட்டர் பத்து நிமிஷத்துக்குள் தரைக்கு வந்தாக வேண்டும் என்பது அங்கே எழுதி ஒட்டியிருக்கிற விதி.

சேஃப்டி ஆபீசர் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "எடை சரியா இருக்கு. ஏறுனீங்க, இறங்குனீங்க. டைம் எழுதுற கட்டத்தை நிரப்பப்போறது நான்தான்" என்று காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வலி இருந்துச்சா?"

ஆசை அவர் வாய் வரைக்கும் வந்து நின்றது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், புது கிரேன் அவருடையது.

"இருந்துச்சு சார். உள்ளபடியே எழுதுங்க. நான் இன்னும் தேறல."

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போய் ஏணியைப் பற்றிச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "முதல் நாளே சொல்லியிருந்தா உருட்டுக்கட்டை மேல நிக்க வச்சே பழக்கியிருப்பேனே! இனிமே ஆரம்பிச்சா அஞ்சு மாசம் ஆகும்." ஆரம்பிக்கலாம் என்றார் அவர். கீழேயே இருந்தால் போதும் என்று இத்தனை காலம் நினைத்திருந்த மனைவி விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவள் அவருடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டோர் வாசலில் கையுறைக்கு வரிசை நின்றது. ரிக்கர் வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"ஆபீசர் எல்லாத்தையும் சொன்னார். கையில வந்த சீட்டை நீங்களே தூக்கிக் கொடுத்துட்டீங்களாமே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? புயல் வந்தா என்ன, தீ பிடிச்சா என்ன? நீங்க மேல மாட்டிக்கிட்டா நான் சும்மா நிப்பேனா? ஏறி வந்து தூக்கிட்டு வந்திருக்க மாட்டேன்?"

பருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"வந்திருப்ப. அதனாலதான்டா."