ஆளுக்கு ஓர் அலகு

போன வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு மறுநாள், என் மனைவி சரோஜாவின் உடம்பில் என் கையாலேயே ஒரு நோயைக் குத்தி ஏற்றிவிட்டேனோ என்று நடுங்கிப்போய்த் தேயிலை மலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மனின் பிள்ளைகளான உங்களிடம் என் தவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டம். எனக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. திருவிழாவில் அலகு குத்துவதும் நான்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எங்களிடம் இருந்தது ஏழு அலகு. முதல் கூட்டம் ஆற்றிலிருந்து கோவிலுக்குப் போய்க் கழற்றியதும், மஞ்சள் தண்ணீரில் கழுவி, விபூதி தடவி அடுத்த கூட்டத்துக்குப் போடுவேன். சாமி காரியத்தில் என்ன நோய் வந்துவிடும் என்ற நினைப்பு.

என் இடுப்பு வலி தீர வேண்டுமென்று சரோஜாவும் அன்று அலகுக்கு நேர்ந்திருந்தாள். அவளுக்கு வலிக்கக் கூடாதே என்று ஏழிலும் மெல்லியதைத் தேடி எடுத்தேன். அது சற்று முன்புதான் மாணிக்கத்தின் நாக்கிலிருந்து கழற்றியது.

மாணிக்கம் கீழ் லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருப்பவன். திருவிழாவுக்கு முன்பு டவுனில் நடந்த முகாமில் இரத்தம் கொடுத்திருந்தான். திருவிழா முடிந்த மறுநாள் காலை இரத்த வங்கியில் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. மூச்சிரைக்க மலையேறி என்னிடம் வந்தான்.

“அண்ணே, என் ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்காம். ஈரலக் கெடுக்கிற நோயாம். என் அலக அப்புறம் யாருக்குப் போட்டீங்க?”

“சரோஜாவுக்குத்தான்” என்றேன். சொன்னதும் அவன் அழுதுவிட்டான்.

“சொல்லாம இருந்துரலாம்னு பஸ்ஸுல ஒரு நிமிஷம் நெனச்சேண்ணே. மனசு கேக்கல.”

உடனே மிஸ்ஸியிடம் ஓடினான். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் மண்ணில் உட்கார்ந்து அம்மனைத் திட்டினேன். ஆமாம், திட்டினேன். பிறகு அழுதேன். “என் கைதான் செஞ்சுது தாயி. தண்டனைய எனக்குக் குடு. அவள விட்டுரு.” வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

மிஸ்ஸி வாங்கு வாங்கென்று வாங்குவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“குத்தி எவ்வளவு நேரமாச்சு?”

“நேத்துப் பகலு, மிஸ்ஸி.”

“அப்ப இன்னும் நேரம் இருக்குண்ணே. சீக்கிரம் ஊசி போட்டா பெரும்பாலும் தடுத்துறலாம். அக்காவக் கூட்டிட்டு வாங்க.”

அவரே எங்களோடு திரீவீலில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டொக்டரிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். இரத்தம் எடுத்தார்கள். அன்றே இரண்டு ஊசி. ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. அலகு போட்ட மற்றவர்களையும் மிஸ்ஸி தேடிப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அப்படி ஒரு பொறுப்பை நான் பார்த்ததில்லை.

“இடுப்பு வலி ஒங்களுக்கு, ஊசியெல்லாம் எனக்கா?” என்று சரோஜா கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதமும் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் மாணிக்கத்தின் வீட்டில் தேத்தண்ணி குடிக்கப் பலர் தயங்கினார்கள். தேத்தண்ணியில் இது தொற்றாது என்று மிஸ்ஸி சொல்லியும் கேட்கவில்லை. சரோஜா எல்லோரும் பார்க்க அவன் வாசலில் உட்கார்ந்து குடித்துவிட்டு, இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினாள்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் அவளுக்கு நோய் இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மண்ணில் உட்கார்ந்து கேட்பதற்கு முன்பே, அம்மன் அனுப்பிய ஆள் மலையேறி வந்துவிட்டான்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவள் அங்கேயும் இருக்கிறாள்.

இந்த வருஷம் ஆளுக்கு ஒரு புது அலகு. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடுவதில்லை. “கிளவுஸ் மாட்டிக்கிட்டா சாமி காரியம் செய்வாங்க?” என்று ஒருவர் சத்தம் போட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டேன். மாணிக்கம் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதல் அலகை அவனுக்குத்தான் போட்டேன். அவன் நெற்றியில் சரோஜா விபூதி பூசினாள்.