கடையில் பார்த்த படம்

திருப்பதி டி.வி. கடையின் பளிங்குத் தரையில் இயேசுதாசன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். மயக்கமெல்லாம் இல்லை. நாற்பத்து மூன்று இன்ச் டி.வி.யைக் கீழேயிருந்து, அதுவும் பக்கவாட்டில் பார்த்தால் கலர் வெளிறுகிறதா என்று சோதிக்கிறார். வீட்டில் எவன் இப்படிப் படுத்து டி.வி. பார்ப்பான் என்று கேட்டுவிடக் கூடாது. "சொந்தக்காரங்க வந்தா எங்க படுப்பாங்க? கீயதான படுப்பாங்க" என்பார். நியாயம்தான்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு டி.வி.யின் முதுகில் உள்ளங்கையை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற அதே முகத்தோடு. பிறகு விரலால் சட்டத்தைத் தட்டிக் காது கொடுப்பார். அதில் என்ன கேட்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரியும் என்று தோன்றவில்லை. கடைசியாகத்தான், கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு தொங்கும் பென்டிரைவ் வெளியே வரும். அதில் இருப்பது ஒரே ஒரு வீடியோ. மகள் கேசியா வெள்ளைப் புடவை கட்டி, சர்ச்சில், சபையின் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனையில் முழங்காலில் நிற்கிறாள். கடைக்காரன் போட்டுக்காட்டும் கிளி, அருவி, அறுத்த ஆரஞ்சுப்பழம் எதற்கும் அவரிடம் மதிப்பில்லை. "கிளி எந்த கலர்ல இருந்தா நமக்கு இன்னா சார்? எம் பொண்ணு மொகம் எனக்குத் தெரியும்." அந்த முகம் சோபையாக விழவில்லையென்றால் உடனே தெலுங்குக்குத் தாவி, "பொம்ம பாகலேது" என்று சேல்ஸ்மேனிடம் சொல்லிவிடுவார். படம் சரியில்லையாம். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இவ்வளவு அதிகாரமும் ஸ்ரீ சிட்டியிலிருந்து வந்தது. அங்கே தொழிற்சாலைகள் முளைத்த புதிதில், ஒரு டி.வி. கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறார். அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. ஆயிரக்கணக்கான டி.வி. பெட்டிக்குள் போவதைக் கண்ணால் கண்டவர், ஒன்றில்கூடப் படம் ஓடிப் பார்த்ததில்லை. வெதுருகுப்பம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மிஷன் தெருவுக்கு அது போதாதா? யார் டி.வி. வாங்கினாலும் அவரை அழைத்துப் போகாமல் வாங்குவதில்லை. வீட்டுக்கு வந்ததும் போதகர் ஜெபம் பண்ண வேண்டும், இயேசுதாசன் செட்டிங் பண்ண வேண்டும். போதகருக்காகக் காத்திருக்காமல் டி.வி. போட்ட வீடு உண்டு. இவருக்காகக் காத்திருக்காத வீடு கிடையாது.

அந்த செட்டிங்கில்தான் வந்தது வினை. புது டி.வி. முதல் தடவை போடும்போது, இது வீட்டுக்கா கடைக்கா என்று கேட்கும். வீடு என்றால் கண்ணுக்குப் பதமான வெளிச்சம். கடை என்றால் போகிற வருகிறவனை இழுக்கிற பளபளப்பு, போதாக்குறைக்குத் திரையின் அடியில் விளம்பரப் பட்டை. நம் நிபுணர் எல்லா வீட்டிலும் கடை என்றே அழுத்தினார். "கடையில பாத்த படம் புடிச்சிதானே வாங்கினே? வீடுன்னு போட்டா பொம்ம செத்துப்பூடும்" என்று விளக்கம் வேறு. ஆக, எங்கள் தெருவில் சினிமாவில் கல்யாணம் நடந்தாலும் சாவு விழுந்தாலும், கீழே அந்த டி.வி. தன் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். வாங்கி நடுவீட்டில் மாட்டியபிறகும் தன்னை விற்றுக்கொண்டிருக்கும் பொருளை வேறெங்கும் நான் கண்டதில்லை. அடுத்த வீட்டுக்காரன் என்கிற உரிமையில் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சாருக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும் என்று என் வாயை அடைத்துவிட்டார். என் வீட்டிலும் பட்டை ஓடுகிறது.

சமீபத்தில் அவரே ஒரு டி.வி. வாங்கினார். கேசியா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் சில வருஷமாகிறது. ஊருக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் போனில் முகம் பார்க்கலாம், அதுவும் தம்மாத்தூண்டு தெரிகிறது என்று மனைவி கிருபாபாய்க்கு மனக்குறை. போன் படத்தைப் பெரிய திரைக்குக் கொண்டுவரும் வசதியுள்ள டி.வி.யாகப் பார்த்து, திருப்பதியில் எத்தனை கடைத் தரை உண்டோ அத்தனையிலும் படுத்தெழுந்து வாங்கி வந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை தெருவே கூடியது. கேசியா தக்காளி நிறத்தில் ஜொலித்தாள். எவ்வளவு சோபையாக இருக்கிறாள் என் பிள்ளை என்று கிருபாபாய் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயேசுதாசன் ஏதோ அந்த நிறத்தைத் தானே கரைத்து ஊற்றியதுபோல் மீசையைத் தடவினார். ஒரே ஒரு குறை. மகள் பேசுவது கேட்டது, வாயைக் காணோம். அங்கே பட்டை ஓடிக்கொண்டிருந்தது.

கிருபாபாய் சில வாரம் பொறுத்தார். போன வெள்ளிக்கிழமை பொறுக்கவில்லை.

"எம் பொண்ணு வாய மூடிக்கினு இன்னாய்யா விளம்பரம்? எடு அத்த."

எடுத்தால் தெரு முழுக்கத் தப்பு செய்தவராகிவிடுவார். வாசலைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்காததுபோல் பார்த்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ரிமோட்டை எடுத்து, மெனுவுக்குள் போய், வீடு என்று அழுத்தினார்.

பட்டை போனது, பளபளப்பும் போனது. உள்ளது உள்ளபடி கேசியா தெரிந்தாள். கன்னத்து எலும்பு துருத்தியிருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. இத்தனை நாள் பட்டை மறைத்த உதடு வெடித்துக் கிடந்தது.

"இன்னாடி இப்பிடி எளச்சிப்பூட்டே?" என்றார் கிருபாபாய். "வேளைக்குத் துன்றியா இல்லியா?"

கேசியா போனை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பிறகு சிரித்தாள்.

"நான் நல்லாத்தான் கீறேன்மா. உங்க டி.வி.லதான் கலர் சரியில்ல. நைனா, செட்டிங்க பாரு."

டி.வி. விஷயத்தில் அடுத்தவர் பேச்சை இயேசுதாசன் ஒத்துக்கொண்டு இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"ஆமாம்மா, கலருதான் சரியில்ல" என்றார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ரிமோட்டை நீட்டி, மறுபடியும் கடை என்று அழுத்தினார்.