உண்டியலில் விழுந்த மருந்துச் சீட்டு

2004 ஆகஸ்ட் என்று தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்றின் ஜெராக்ஸ் நகல் என்னிடம் இருக்கிறது. மேற்குத் தாம்பரத்தில் ஓர் எலும்பு மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்தது. டிரமடால், ஐம்பது மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாட்களுக்கு. அதன் கீழே கோடிட்டு, 'பிறகு வந்து பார்க்கவும்'. ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்கூட்டரோடு விழுந்து, என் முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கியிருந்த சமயம் அது.

பிறகு போய்ப் பார்க்கவில்லை. வலி அடங்கியிருந்தது, சீட்டு கையில் இருந்தது, வழக்கமான மருந்துக் கடைக்காரர் கேள்வி கேட்காதவர். மடித்து மடித்துச் சீட்டு கிழியத் தொடங்கியதும், எதையும் பத்திரப்படுத்தும் பழக்கத்தில், ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அசலை லேமினேட் செய்தேன். பத்து நாள் சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைக்காரர்தான் சிரித்தார். "இன்னா சார், ரேஷன் கார்டு மாதிரி ஆக்கிட்டீங்க!"

நானும் சிரித்தேன்.

இரண்டு மாத்திரை எப்போது நான்கானது, நான்கு எப்போது எட்டானது என்பது எனக்குத் தெரியாது. பல்லாவரத்துக் குன்றுகள், செம்பாக்கம் ஏரி என்று சுற்றுவட்டாரச் சங்கதிகளை ஆண்டும் மாதமும் பிசகாமல் எழுதி வைக்கிறவன் நான். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. வலி கூடுகிறது, அதனால் மாத்திரை கூடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் யார் துணையுமின்றிப் படியேறி வந்தால் குணமான உறுப்பின் வெள்ளித் தகட்டு உரு வாங்கி உண்டியலில் போடுவதாக என் மனைவி குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். 2006 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கிளம்பும் முன் கூடுதலாக இரண்டு மாத்திரை விழுங்கினேன். கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டு வருகிறாள்.

அடிவாரக் கடையில் முதுகுக்கு என்று தனி உரு கிடைக்கவில்லை. "முதுவு மட்டும் தனியா வராதும்மா, முழு ஆளா வாங்கிக்க" என்று கடைக்காரம்மா வெள்ளித் தகட்டில் ஒரு மனிதனைக் கொடுத்திருந்தாள். அதை மனைவி உண்டியலில் போட்டாள். போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். ரப்பர் பேண்டு போட்ட என் மாத்திரை அட்டைகள், அவற்றோடு லேமினேட் செய்த சீட்டு.

"இனிமே இது எதுக்குங்க?" என்று அதையும் உள்ளே தள்ளினாள்.

அது அடியில் போய் விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அடுத்து நான் அறிந்தது, என் விரல்கள் உண்டியலின் வாய்க்குள் இருந்தன. மணிக்கட்டு வரை நுழைக்கப் பார்த்துத் தோல் உரிந்திருந்தது.

"யோவ்! கைய எடுய்யா!" காவலாளி ஓடி வந்தார். என் வேட்டி, விபூதி, மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இன்னா சார், பெரிய மனுசனா கீற. போட்டத திருப்பி எடுத்துகினு போறதுக்கு இது இன்னா பேங்க்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வழக்கமான கடை பூட்டியிருந்தது, கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். அடுத்த கடையில் நகலை நீட்டினேன். "ஜெராக்ஸ் செல்லாது சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மாலைக்குள் மூக்கு ஒழுகியது, வயிறு போனது, படுத்தால் கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. முதுகில் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. ஊரெல்லாம் சிக்குன்குனியா பரவியிருந்த ஆண்டு அது. இதுவும் அதுதான் என்று மனைவி என்னை எங்கள் தெரு மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மருத்துவர் இளம்பெண். "காய்ச்சலே இல்லையே. கொட்டாவி விடறீங்க, கையெல்லாம் புல்லரிச்சிருக்கு. என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்க?"

"இப்ப ஒண்ணும் இல்லை டாக்டர்."

"அதெல்லாம் முருகனுக்குப் போட்டுட்டோம் டாக்டர்" என்றாள் மனைவி.

"முருகனுக்கா?"

நகலை எடுத்து நீட்டினேன். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"பத்து நாள்னு போட்டிருக்கு."

"ஆமாம்."

"இது ரெண்டாயிரத்து ஆறு சார்."

தேதியை இன்னொருவர் எனக்குச் சொல்லித் தந்தது அன்றுதான். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, சட்டென்று நிறுத்தியதால் வந்த அவதி இது என்று விளக்கினார். நான் வெற்றிலைகூடப் போடாதவன் என்றேன். இது வலி மாத்திரை, போதை இல்லை என்றேன்.

"அபினுக்குச் சொந்தக்காரன்தான் சார் இது."

இந்தியாவிலிருந்து அபின் ஏற்றிப்போன கப்பல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். அதன் உறவுக்காரன் இரண்டு வருடமாக என் சட்டைப் பையில் இருந்திருக்கிறான். கடைசியில் ஒன்றுதான் கேட்டேன்.

"அப்ப என் வலி பொய்யா டாக்டர்?"

"வலி நிஜம். அதுல எவ்வளவு முதுகோடது, எவ்வளவு மாத்திரையோடதுன்னு குறைச்சுப் பாத்தாதான் தெரியும். ஆனா திடீர்னு நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

எட்டிலிருந்து ஆறு, ஆறிலிருந்து ஐந்து என்று குறைத்தோம். அட்டைகள் மனைவியிடம் இருந்தன. அவள் எண்ணிக் கொடுப்பாள், நான் எரிந்து விழுவேன். 2007 கோடையில் கடைசி மாத்திரையும் நின்றது. முதுகு இன்றும் வலிக்கிறது. ஆனால் மின்சார ரயிலில் கிண்டி வரை நின்றுகொண்டே போக முடிகிற அளவுக்குத்தான். மீதியெல்லாம் மாத்திரையுடையது என்பதை இப்போதும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உண்டியல் திறந்து எண்ணியபோது அந்தச் சீட்டு கிடைத்ததா என்று கோயில் அலுவலகத்தில் பிறகு விசாரித்தேன். "என்னென்னமோ விழுது சார், எல்லாத்தையுமா எழுதி வைக்க முடியும்?" என்றார்கள். என்னை அரிப்பது அதுவல்ல. அட்டைகளும் சீட்டும் ஒரே ரப்பர் பேண்டில் இருந்ததால் சேர்ந்து விழுந்தனவா, அல்லது சீட்டு இருக்கும் வரை நான் மீளமாட்டேன் என்று தெரிந்தே மனைவி அதைச் சேர்த்துப் போட்டாளா? பலமுறை கேட்டுவிட்டேன்.

"வேண்டுதல்ங்க, போட்டேன்" என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை. ஆகவே இது உறுதி செய்யப்படாத தகவல் என்றே இங்கே பதிவாகிறது.