மூடியில் மிஞ்சிய சீட்டு

டிபன் பாக்ஸ் மூடியில் விழுந்த சீட்டுகளை ராதிகா நாலு குலுக்குக் குலுக்குகிறாள். காலை ரயில் ஊரிகம் தாண்டியதும், பெங்களூர் வேலைக்குப் போகும் பெண்கள் ஏழு பேரும் ஆளுக்கொரு கேள்வியை எழுதி மடித்துப் போட்டாக வேண்டும். பேனா ஒன்றுதான், அவளுடையது. கையெழுத்து அடையாளம் தெரியாதபடி இங்கிலீஷ் பெரிய எழுத்து; பேர் கூடாது. ஒருத்தியின் கேள்வியை இன்னொருத்தி தன் போனில் தேடி, பதிலைப் பின்பக்கம் எழுதி மூடியிலேயே போடுவாள். இறங்கும்போது அவரவர் சீட்டை அவரவர் பொறுக்கிக்கொள்ளலாம்.

"யாருதுன்னு பாக்காதீங்க. இன்னான்னு மட்டும் பாருங்க" என்பாள். கார்மெண்ட்ஸில் பதினாறு வருஷமாகச் செக்கிங் வேலை. அங்கேயும் சட்டையைப் பார்ப்பாளே தவிர, தைத்தவளைப் பார்க்கமாட்டாள்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் மேகனா. குழந்தை தள்ளிப்போவதைப் பற்றி அவள் ஏதோ தேடப்போக, மாமியார் சீரியல் பார்க்கும் அதே போனில் ஆஸ்பத்திரி விளம்பரங்கள் வந்து குவிந்தன. மாமியார் வாயைக் கேட்க வேண்டுமா? மறுநாள் மேகனா பங்காரப்பேட்டை வரை அழுதாள். அன்றைக்கே ராதிகா மூடியைக் கழற்றிவிட்டாள்.

"போனுக்கே கொழப்பம் வரணும்" என்பது அவள் கொள்கை. வந்துமிருக்கிறது. மற்றவர்கள் கேள்விகளைத் தேடித்தேடி, அவளை ஆட்டுப்பண்ணை வைக்கப்போகும் வழுக்கைத்தலை ஆசாமி என்றே அவள் போன் நம்பிவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எல்லாரும் எடுத்தபின் மிஞ்சுவதுதான் எப்போதும் அவளுக்கு. போன செவ்வாய்க்கிழமை மிஞ்சியதைப் பிரித்தாள். மார்பில் கட்டி, வலியில்லை, பத்து நாளாகிறது, என்ன செய்வது? அவளே எழுதியது. தன் சீட்டு தனக்கே மிஞ்சும் என்று இத்தனை மாதத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

போனை எடுத்தாள். வீட்டில் மகன் பரத் பார்த்தாலும், ரயில் சிநேகிதி யாரோ கேட்டது என்று விட்டுவிடுவான், அந்தப் பயமில்லை. பதிலைத் தானே படிக்க வேண்டும், அதுதான் பயம். இரண்டு எழுத்துக்கு மேல் விரல் ஓடவில்லை. வேறொருத்தியிடம் கொடுத்தாலோ, அது யாருடையது என்று தெரிந்துபோகும்.

மாலூர் தாண்டியது. ராதிகா சீட்டை மறுபடி மடித்து, பக்கத்திலிருந்த மேகனாவின் மடியில் வைத்தாள்.

"இத்த நீ பாரு மேகனா."

மேகனா பிரித்துப் படித்தாள். ராதிகாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் தேட ஆரம்பித்தாள்.