கிளினிக் கொடுத்த மாபோக்

"எந்த கிளினிக் காலங்காத்தால ஆளுக்கு மாபோக் கொடுக்குது?" என்று மலாயில் கத்திக்கொண்டே மிஸ்டர் டான் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் அவர் தொழிற்சாலையின் ஜாகா முனுசாமி, காவல்காரச் சட்டையோடு, வாயருகே பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி நின்றார்.

டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நர்ஸ் என்று யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் மிஸ்ஸி.

முனுசாமி குடித்துவிட்டு, கேட்டைத் திறந்துபோட்டுத் தூங்கியவர். மாடு ஒன்று உள்ளே போய் ஆபீஸ் வாசலில் படுத்துக்கொண்டது. இன்னொரு தடவை குடித்தால் வேலை இல்லை என்று டான் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் முனுசாமி எங்களிடம் வந்தார். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். விஷயம் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாதாம், மானம் போய்விடுமாம். ரோட்டோரம் விழுந்து கிடந்தபோதெல்லாம் போகாத மானம்!

மாத்திரை வாங்கிய அன்று நான் லீவு. மருந்து எடுத்துக் கொடுத்த மலாய்ப் பெண், கொஞ்ச நாளைக்குக் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறாள். குமட்டலுக்கு அவள் சொன்ன மலாய் வார்த்தை இவருக்குப் புரியவில்லை. "கார்ல போனா மாபோக் வருமே, அது மாதிரி" என்று விளக்கியிருக்கிறாள். மலாயில் கார் குமட்டலும் மாபோக்தான், குடிபோதையும் மாபோக்தான். இரண்டாவதில் முனுசாமிக்கு அனுபவம் அதிகம். சாப்பிடச் சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. வெறும் வயிற்றில் போட்டால்தான் மருந்து பிடிக்கும் என்று அவராக முடிவு செய்து, பால் போடாத காப்பி ஓ ஒன்றைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

கேட்டில் டானின் கார் வந்து நிற்க, சல்யூட் அடித்த கையோடு பக்கத்துப் பூந்தொட்டியில் வாந்தி. என்ன ஆச்சு என்று டான் கேட்டதற்கு இவர் மலாயில் உண்மையைச் சொன்னார்: "பாஸ், எனக்கு மாபோக். கிளினிக்ல கொடுத்தது."

நான் முனுசாமியை உள்ளறைக்கு அழைத்துப் போனேன்.

"நீங்க சரின்னு சொல்லாம உங்க மருந்தப் பத்தி நான் அவருகிட்ட பேச முடியாதுண்ணே. பேசலன்னா உங்க வேலை போயிரும்."

"அவரு என்னக் குடிகாரன்னு நெனச்சாக்கூட பரவால்ல மிஸ்ஸி, பழகிப்போச்சு. குடிய விட மருந்து சாப்புடுறேன்னு சொல்றதுக்குத்தான் வெட்கமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "வேலை போனா வீட்டுல அக்கா என்னண்ணே செய்வாங்க? வெட்கத்தையா ஆக்கிப் போடுவாங்க?"

முனுசாமி வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, சொல்லிருங்க லா" என்றார்.

வெளியே வந்து டானிடம் சொன்னேன். இது குடியால் வந்த மாபோக் இல்லை, குடிக்காமல் இருப்பதற்கான மருந்தால் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையும், பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தலைசுற்றல் இருக்கும்வரை மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டக்கூடாது.

டான் முனுசாமியின் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தார். காப்பி வாடைதான். மெல்ல உட்கார்ந்தார். வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"மிஸ்ஸி, ராத்திரி மட்டும் குடிக்கிற ஆளுக்கும் இந்த மருந்து கேக்குமா?" என்றார். "என் கூட்டாளி ஒருத்தருக்கு."

"டாக்டர் பாத்துட்டுத்தான் சொல்லணும். கூட்டாளி பேரச் சொல்லுங்க, கார்டு போடுறேன்."

டான் சுவரில் இருந்த டெங்கிக் கொசுப் படத்தையே படித்துக்கொண்டிருந்தார். முனுசாமி பிளாஸ்டிக் பையைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, முதலாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பாஸ், மொதல்ல சாப்பாடு. அப்புறம்தான் மாத்திரை," என்றார் மலாயில்.

இளைய மிஸ்ஸிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மருந்தைக் கொடுத்ததும் ஆளை அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது அவர் வெட்கப்பட்டால், உங்கள் முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது. அன்று டானுக்குக் கார்டு எழுதி முடிக்கும்வரை சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.