சிவப்பு நூல் கட்டிய கதிர்கள்

நெல்மணிக்குள் கரு உருவாகும்போது எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, அதே மணி பிறகு முளைக்கும்போது எவை விழிக்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மற்றதெல்லாம் அலுத்துவிட்டது.

கல்லூரியில் எலித் தொல்லை. அதனால் நெல் தொட்டிகளைத் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்திருந்தேன். தெருக் குழாய்த் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீரைத்தான் மாடிக்குச் சுமக்க வேண்டும். உப்பளத்தில் நின்றுவிட்டு வந்த காலோடு அம்மாவும் சுமப்பாள்.

கருவின் வயது தெரிவதற்காக, கதிர் பூக்கும் அன்றே அதில் நூல் கட்டிவிடுவேன். நாளுக்கு ஒரு நிறம். அதில் சிவப்புதான் முக்கியம். வேரும் குருத்தும் பிரியத் தொடங்கும் கரு அந்தக் கதிர்களில்தான் இருந்தது.

அவற்றை வெட்டப் போன காலையில், நான் கட்டாத கதிர்களிலும் சிவப்பு நூல் இருந்தது. கீழே வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமாளா, நாந்தான் கெட்டுனேன். நீ யாருகிட்டயும் சொல்லாம நேந்துக்கிட்டு கெட்டுத. நான் சும்மா இருக்க முடியுமா?"

"என்னன்னு நேந்த?"

"உன் படிப்பு சட்டுனு முடியணும்னு."

"யம்மா, இதுல எது நீ கெட்டுனது, எது நான் கெட்டுனது?"

"எனக்கு எப்படித் தெரியும்? உன் டப்பாவுல கெடந்த நூலத்தான எடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு சாமிக்குத் தெரிய வேண்டாமா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று படியில் உட்கார்ந்துவிட்டேன். மணியின் பால் பதத்தைப் பார்த்து வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். ஆனால் ஒரு நாள் தள்ளினாலும் கருவுக்குள் வேறு மரபணுக்கள் வேலையில் இறங்கியிருக்கும். மறுபடி விதைத்து, பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். என் படிப்பு இன்னும் ஒரு போகம் தள்ளிப்போனது என்று சொன்னேன். அம்மா மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுத்துரட்டா?"

"வேண்டாம். அப்படியே முத்தட்டும்."

முளைப்பதைப் பார்க்க, மணி என்று பூத்தது என்று தெரிய வேண்டியதில்லை. ஆய்வின் அந்தப் பாதிக்கு அவை உதவும்.

புதுப் பயிர் பூத்தபோது நூலுக்குப் பதிலாகத் தேதி எழுதிய சீட்டுகளைக் கட்டினேன். அம்மா கேனை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தபடி நின்றாள். எதையும் தொடவில்லை.

"எழுதிக் கெட்டுனா சாமிக்கு வாசிக்கத் தெரியுமாளா?"

"இது சாமிக்கு இல்லம்மா. எனக்கு."

"அப்பம் சரி. உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேனை எடுக்க இறங்கினாள்.