கோமோவும் என் தம்பியும்

ஸ்பானிஷ் படித்தால் புரமோஷன் என்று என் கணவரின் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிறுதோறும் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து, கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு போனில் பாடம் படிப்பார். அவள் பட்டதாரி. நான் எட்டாவதோடு நின்றவள். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தானோ என்று வயிறு எரியும்.

மூன்று வாரமாக 'கோமோ' என்ற ஒரே சொல்லோடு இருவரும் மல்லுக்கட்டினார்கள். ஓரிடத்தில் அதற்கு 'எப்படி' என்று பொருள், இன்னோரிடத்தில் 'மாதிரி', வேறோரிடத்தில் 'நான் சாப்பிடுகிறேன்'. இருவருக்கும் பிடிபடவே இல்லை.

ஒரு ஞாயிறு காலை, அவர் போனை எடுப்பதற்கு முன்பு, வெங்காயம் நறுக்கியபடி சொன்னேன்: "நம்ம சந்துல ஒரே பேருல மூணு பேர் இருக்காங்க இல்ல? பக்கத்துல ஆட்டோன்னோ பால்காரர்னோ சேர்த்தாதானே எந்த ஆளுன்னு தெரியுது. அந்த வார்த்தைக்கும் பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்களேன்."

"அட, ஆமா இல்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. உடனே அவளைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"சூப்பர். எப்படிங்க உங்களுக்கு மட்டும் இதெல்லாம் தோணுது?" என்று ஸ்பீக்கரில் கேட்டாள்.

"சும்மா, தோணிச்சு" என்றார் அவர்.

நான் போன் பக்கம் குனிந்தேன். "அந்த ஆட்டோக்காரர் என் சொந்தத் தம்பி, மேடம்."

அவர் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். நான் வெங்காயத்தோடு அடுப்புக்குப் போனேன். அடுத்த ஞாயிறு அவர் எங்கே போய்ப் பேசுவாரோ என்ற கவலை அப்போதே தொடங்கிவிட்டது.